ஒரு தாளில் இரண்டு கையெழுத்து

இக்னேசியஸ் அண்ணர் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதியதில்லையாம். கதைகளெல்லாம் கிண்ணியா முனாப் சொல்வதாம். அண்ணர் அதைத் தாளில் ஏற்றித் தன் படத்தையும் வைத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவாராம்.

லிங்கநகரிலிருந்து என் அக்கா கிறிஸ்டின் எழுதிய கடிதத்தின் கடைசிப் பந்தியில் இது இருந்தது. "எனக்கு றோஸ் ரீச்சர் சொன்னவ. அவவுக்குப் பூசை முடிஞ்சு வரேக்க ஆரோ சொன்னவையாம். உண்மையோ பொய்யோ தெரியாது. நீ அந்த வெள்ளைக்காரரிட்ட இவருக்காகப் பேசியிருக்கிறாய் எண்டபடியால் எழுதுறன்."

1980 மார்ச்சில் அந்தக் கடிதம் ஹம்பர்க்கில் என் கைக்கு வந்தபோது, செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்து முடித்திருந்தேன். அங்கே ஒரு சங்கம் ஆண்டுதோறும் வெளிநாட்டுத் துறைமுக ஊர்களிலிருந்து ஆறு எழுத்தாளரை அழைத்து, ஆற்றங்கரை வீடொன்றில் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தங்கவைக்கும். பதிலுக்குத் தங்கள் எழுத்தாளர் ஆறு பேரை அந்த ஊர்களுக்கு அனுப்பும். 'உட்துறையான்' என்ற புனைபெயரில் வந்த கதைகளில் இரண்டை ஆங்கிலமாக்கி அவர்களிடம் கொடுத்தவன் நான். இரண்டு மொழியில் படித்தவன் என்று என்னை நம்பினார்கள். கதைகளின் அடியில், "இக்னேசியஸ், துறைமுகக் கிளாக்கர், திருகோணமலை" என்று எழுதியவனும் நான்தான். பத்திரிகையில் வந்த படம் அவருடையது. அவர் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. வேறு என்ன எழுதுவேன்?

அழைப்பு பெப்ரவரியிலேயே போய்விட்டது. அக்காவின் கடிதத்துக்குப் பிறகு எனக்குச் சரியான நித்திரை இல்லை. ஜூனில் லீவெடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சங்கத்தின் கடைசிப் படிவம் என் பையில் இருந்தது.

இக்னேசியஸ் அண்ணர் பத்தொன்பது வயதில் வெள்ளைக்காரரின் கடற்படைச் சாமான்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர். ஐம்பத்தேழில் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதும், துறைமுகத்து இறங்குதுறையில் பெட்டி எண்ணும் கிளாக்கராக வந்தார். மலைநாட்டுத் தேயிலை றெயிலிலும் லொறியிலும் வந்து சேரும். பெட்டிகளைத் தட்டைப் படகுகளில் அடுக்கி, நடுத்துறையில் நிற்கும் கப்பலுக்கு இழுத்துப் போவார்கள். படகில் ஏறும் ஒவ்வொரு பெட்டியையும் எண்ண வேண்டும். அது ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஒருவர் உரத்துச் சொல்ல, மற்றவர் தாளில் கோடு போடுவார். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. குரல் கம்மினால் ஆளை மாற்றிக்கொள்வார்கள். பின்னேரம் தாளின் அடியில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் அது தாள். ஒன்று குறைந்தால் வெறும் கடதாசி.

ஐம்பத்தொன்பதில் அவருக்குச் சோடியாக வந்தவர் முனாப். கிண்ணியாவிலிருந்து விடியப் புறப்பட்டு, பாதையில் ஏறி ஆற்றைக் கடந்து வருவார். நாங்கள் பாதை என்பது ஆளையும் வண்டிலையும் சேர்த்து ஏற்றும் அந்த மிதவையை. அது கரைக்கு வரும்வரை துறையடியில் காத்து நிற்கும் சனத்திடமிருந்து ஒரு நாளைக்கு ஒரு கதையாவது முனாப்புக்குக் கிடைக்கும். அறுபத்தொன்றில் ஒருநாள் படகு வரப் பிந்தியது. பாதைக்காரன் ஒருவனைப் பற்றி முனாப் சொல்லச் சொல்ல, இக்னேசியஸ் அண்ணர் கழித்துப்போட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதினார். நடுவில் பென்சிலை நிறுத்தி, "இந்த இடத்தில அவன் அழமாட்டான், மச்சான்" என்றார். முனாப் யோசித்துவிட்டு, "ஓம்" என்றார். அந்த வரியை வெட்டினார்கள். அப்படித்தான் தொடங்கியது.

பிறகு அதுவே முறையாகிவிட்டது. ஒருவர் சொல்வார், மற்றவர் எழுதுவார். அடுத்த நாள் மாறி மற்றவர் சொல்வார். ஒரு வரிக்கு இரண்டு பேரும் ஓம் சொல்லாவிட்டால் அந்த வரி இல்லை. ஒரு கதை முடிய நாலைந்து மாதம் பிடிக்கும். பத்தொன்பது வருசத்தில் முப்பத்தொரு கதை. எழுபத்திரண்டில் பத்திரிகைக்காரர் படம் கேட்டார்களாம். "என்ட மூஞ்சி பேப்பரில வந்தா, அதிலயே எனக்கு மீன் சுத்தித் தருவானுகள்" என்று முனாப் மறுத்துவிட்டார். அதனால் இக்னேசியஸ் அண்ணரின் படம் போனது.

இதையெல்லாம் நான் அறிந்தது ஊருக்குப் போன மறுநாள் பின்னேரம், அவருடைய விறாந்தையில். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"அண்ணை, ஊரில ஒரு கதை திரியுது."

"தெரியும். நான் எழுதிறேல்லையாம்." சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று வருசம் சீமெந்துத் தளத்தில் நின்ற கால்கள். "அரைவாசி உண்மை. மற்ற அரைவாசியும் எழுதிறேல்லை எண்டு சொன்னால்தான் பொய்."

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி மாகிரட் அக்கா தேத்தண்ணியோடு வந்தார். "தம்பி, இவர் பாண் வாங்கப் போறதெண்டாலும் முனாப் அண்ணைட்ட ஓம் கேட்டுத்தான் போறவர். கலியாணத்துக்கு மட்டும் கேக்கேல்லை. அப்ப அவர் வேலைக்கு வரேல்லை."

"வந்திருந்தா நீ தப்பியிருப்பாய்" என்றார் அண்ணர்.

நான் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்துக் கதிரைச் சட்டத்தில் வைத்தேன். அதில் ஒரு வரிதான் வில்லங்கம். மேற்படி கதைகள் முழுவதும் என்னால் மட்டுமே எழுதப்பட்டவை என்று உறுதி சொல்லி, கீழே ஒப்பமிட வேண்டும்.

"முனாப்பின்ர பேரையும் சேத்தால்?" என்று அண்ணர் கேட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரு அறை, ஒரு ரிக்கற். ரெண்டு பேரெண்டால் அவையள் வேற ஆளைப் பாப்பினம். அதோட முனாப் அண்ணைட்டப் பாஸ்போட் இல்லை. செப்டெம்பர் முதலாம் திகதி அங்க நிக்க வேணும். இப்ப எடுக்க ஏலுமோ?"

அலுமாரிக்குள்ளிருந்து மாகிரட் அக்கா ஒரு பழைய பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே அண்ணரின் புதுப் பாஸ்போட். அதற்காக அவர் மூன்று முறை கொழும்புக்குப் போய்வந்திருந்தார். முதல் முறை பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதம், கோயில் ஞானஸ்நானப் பதிவில் இன்னொரு விதம் என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை, அவருக்கு விளங்காத பாசையில் ஒரு கிளாக்கர் ஏதோ சொல்ல, நாள் முழுக்கப் பிழையான வரிசையில் நின்றுவிட்டு வந்தார். மூன்றாம் முறை பஸ்ஸில் கால் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாராம்.

"இவ்வளவும் பட்டது இதைப் பெட்டியில வைக்கவோ?" என்றார் மாகிரட் அக்கா. பகிடி போய்விட்டிருந்தது.

"உங்களுக்குப் போக விருப்பமோ, இல்லையோ?" என்று நான் கேட்டேன்.

எண்ணெய்க் கையைத் துவாயில் துடைத்தார். "போகத்தான் வேணும், தம்பி. எத்தினை லட்சம் பெட்டி எண்ணியிருப்பன். ஒரு பெட்டியாவது எங்க போய் இறங்குதெண்டு பாத்ததில்லை. இனி வாற வருசம் பென்சன். கப்பலும் குறைஞ்சுபோச்சு, எல்லாம் கொழும்புக்குத் திரும்புது. அதைவிட, ஆறு கிழமை ஒண்டையும் எண்ணாமல் ஒரு இடத்தில குந்தியிருக்க வேணும். எனக்குக் களைப்பு. நித்திரை கொண்டால் தீருற களைப்பில்லை."

அப்படியென்றால் ஒப்பமிட வேண்டியதுதானே என்று யாரும் சொல்லலாம். அக்காவிடம் நானும் சொன்னேன். அவள்தான் அறுபத்தெட்டில் நடந்ததைச் சொன்னாள். ஒருநாள் முனாப் காய்ச்சலோடு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாராம். பின்னேரம் கப்பல் புறப்பட வேண்டும். மேலதிகாரி வந்து, நீ தனியக் கையெழுத்து வை, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம். எண்ணிக்கையில் பிழையில்லை என்று அண்ணருக்குத் தெரியும். ஆனாலும் வைக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு எண்ணிய பெட்டிகளுக்கு மற்ற ஆள் ஓம் சொல்லவில்லை என்றாராம். கப்பல் மறுநாள்தான் போனது. அவரை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். "அந்த மூண்டு மாதமும் மாகிரட் அக்கா இடியப்பம் அவிச்சு வித்தவ" என்றாள் அக்கா. "அந்த மனுசனிட்டயோ நீ இந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டுறாய்?"

மூன்றாம் நாள் இறங்குதுறைக்கே போனேன். முனாப்பிடம் பேசினால் முடியும் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தகரக் கொட்டிலுக்குள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தார்கள், இடப்பக்கம் முனாப், வலப்பக்கம் அண்ணர். கொட்டில் அடுப்புப்போல் கொதித்தது. முனாப் மெல்லிய மனிதர். கன்னம் ஒட்டிப்போய் பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. விசயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுப் பார்சலை மூடிவிட்டு அண்ணரின் பக்கம் திரும்பினார்.

"என்ன மச்சான், சின்னப் புள்ள மாதிரி? போடு கையெழுத்த."

"பொய்யெல்லோடா."

"எனக்கில்லாத நோவு உனக்கென்ன? எனக்கு இந்தக் கிண்ணியாப் பாதையில வந்தாலே குமட்டிச் சத்தி வாற. பிளேனில ஏத்தி என்னை மவுத்தாக்கப் போறியா? நீ போ. போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு. நீ சொல்லுவாய், நான் எழுதுவன். எங்களுக்கு இன்னும் ஆறு கதை கிடைக்கும்."

"அங்க என்னைக் கேப்பாங்கள், எப்பிடி எழுதினனி எண்டு."

"குனிஞ்சு எழுதினன் எண்டு சொல்லு."

அண்ணர் சிரித்தார். ஊருக்குப் போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பு அடங்கியதும், "நீ மெய்யாத்தான் ஓம் சொல்லுறியோ?" என்று கேட்டார்.

"ஓம். அல்லா அறிய ஓம்."

படிவத்தை மடியில் வைத்தார். அந்த வரியைத் தமிழில் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். 'மட்டுமே' என்ற இடத்தில் அவர் விரல் தாளில் நின்றது. வெளியே விசில் ஊதியது. படகு வந்துவிட்டது. என் பேனாவை வாங்கி ஒப்பமிட்டார்.

நான் அவருடைய இரண்டு புகைப்படங்களையும் பாஸ்போட் நகலையும் உறைக்குள் ஒழுங்காக வைப்பதில் கவனமாயிருந்தேன். நிமிர்ந்தபோது படிவத்தை நான்காக மடித்து முனாப் என்னிடம் நீட்டினார். உறைக்குள் போட்டு ஒட்டினேன். அவர்கள் அவசரமாக எழும்பி வெயிலுக்குள் போனார்கள். "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." என்று முனாப்பின் குரல் வாசல்வரை என்னோடு வந்தது. அவ்வளவு பாரமும் இறங்கியதுபோல் இருந்தது எனக்கு.

மறுநாள் கொழும்பு பஸ், ஹபரணையில் தேத்தண்ணிக்கு நின்றது. எனக்கு எதையும் மூன்று தரம் சரிபார்க்கும் பழக்கம் உண்டு. உறையைக் கிழித்துப் படிவத்தை விரித்தேன்.

கீழே இரண்டு கையெழுத்து இருந்தது.

முதலாவது இக்னேசியஸ். அதன் கீழே, இடம் போதாமல் சற்றுச் சரிந்து, முனாப். யோசித்து வைத்த கையெழுத்தாகத் தெரியவில்லை. இருபத்தொரு வருசமாகப் பின்னேரம் பின்னேரம் நடந்ததுதான் நடந்திருக்கிறது. ஒருவர் ஒப்பமிட்டதும் தாள் தானாக இடப்பக்கம் போயிருக்கிறது. மற்றவரின் கையும் தானாக அதை வாங்கியிருக்கிறது. 'என்னால் மட்டுமே' என்ற வரிக்குக் கீழே இரண்டு ஆட்கள்.

என்னிடம் வேறு படிவம் இல்லை. அடுத்த நாள் பிளேன். பிளேன் கதிரையில் இருந்துகொண்டு, அந்தப் பெயரைச் சுரண்டினால் தெரியுமா, அடியை வெட்டினால் தெரியுமா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டுக்கும் எனக்குத் துணிவு வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சங்கத்தில் பொறுப்பாக இருந்த அம்மா நல்ல மனுசி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் இந்த இரண்டாவது ஆள்?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். முழுவதையும் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இரண்டு எழுத்தாளருக்கு ஒழுங்கு இல்லை. ஆனால் இரண்டாவது கையெழுத்தை ஒரு சாட்சியின் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள ஒழுங்கு உண்டு. "உங்கள் நண்பர் தொலைபேசியில் எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதைகள் என்னுடையவை, மற்றவர் சாட்சி என்று. ஜூலை பதினெட்டாம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வேறு ஒருவரை அழைக்க வேண்டியிருக்கும்."

அக்காவுக்கு எக்ஸ்பிரஸ் தபாலில் எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் ரெலிபோன் இல்லை. பிரதான வீதியில் வின்சன்ட்டின் மருந்துக்கடையில் இருக்கிறது. பதினெட்டாம் திகதி ஊர் நேரம் பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டு பேரையும் அங்கே நிற்கச் சொன்னேன்.

பதில் பதினாறாம் திகதி வந்தது.

"தம்பி, நான் நேரில போய்ச் சொன்னன். முனாப் நானா தலையில அடிச்சுக்கொண்டார். கை தானாப் போட்டுட்டுதாம், தான் நாசமாக்கிப்போட்டனாம். இக்னேசியஸ் அண்ணைக்கு அந்த ரெண்டாவது கையெழுத்து விழுந்ததே தெரியாதாம். கோவிக்கேல்லை. நீ எழுதினதை ரெண்டுதரம் வாசிக்கச் சொன்னவர். பிறகு 'முனாப் சாட்சியோ?' எண்டு மட்டும் கேட்டவர். என்னட்ட இல்லை, சுவரைப் பாத்து. முனாப் நானா, ஓமெண்டு சொல்லடா, நான் சாட்சிதான், எத்தினை கதைக்குப் பக்கத்தில இருந்தனான் எண்டு கெஞ்சினார். அண்ணை வாய் திறக்கேல்லை. மாகிரட் அக்கா கோட்டுத் தைக்கக் குடுத்திட்டா. ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை வருவினம், ஜும்மாத் தொழுகை முடிஞ்சு நேரா வாறதெண்டு முனாப் நானா சத்தியம் பண்ணினவர். ரெலிபோனுக்குக் கிட்ட ரெண்டு கதிரை போட்டு வைக்கிறன், மணியடிச்சால் தான் எடுக்கமாட்டன், அவையளே எடுக்கட்டும் எண்டு வின்சன்ட் சொன்னவர்."

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குச் சங்கத்து அலுவலகத்தில் இருந்தேன். முன்கூட்டியே பதிந்துவைத்த அழைப்பு. அந்த அம்மா தன் மேசையில் படிவத்தை விரித்து வைத்திருந்தார். இரண்டாவது கையெழுத்துக்குப் பக்கத்தில் 'சாட்சி' என்று எழுதுவதற்குப் பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார். கொழும்பு கிடைத்தது. பிறகு திருகோணமலை எக்சேஞ்ச். எத்தனையோ தூரத்தில் ஒரு பெண்குரல், "கதையுங்கோ" என்றது.

மணி அடித்தது.

வின்சன்ட்டின் கடை எனக்குத் தெரியும். கண்ணாடி அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய இடம். இரண்டு கதிரை போட்டால் முழங்கால் முட்டும். அவர்கள் அங்கே இருக்கிறார்களா, வரவே இல்லையா, அல்லது அந்தக் கறுப்புப் போனைப் பார்த்தபடி, நீ எடு என்று ஒருவரும் எடுக்கமாட்டேன் என்று மற்றவரும் இருக்கிறார்களா? ஒரு ரிசீவரில் ஒரு காதுதான் வைக்கலாம். அண்ணர் அதை எடுத்தால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த வார்த்தை சொன்னாலும் முனாப் பக்கத்தில் இருந்து கேட்பார்.

"பதில் இல்லையா?" என்றார் அந்த அம்மா.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.

என் கையில் ஒரு பென்சில் இருந்தது. மேசையில் கிடந்த துண்டுத் தாளில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கண்டேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. நான்காவது கட்டு முடிந்து ஐந்தாவது தொடங்கியபோது எக்சேஞ்சிலிருந்து அந்தப் பெண்குரல், "எடுக்கினமில்லை, ஐயா. வெட்டட்டோ?" என்று கேட்டது.

"வேண்டாம் பிள்ளை. அடிக்கட்டும்."

மணி அடித்தது. நான் அடுத்த கோட்டைப் போட்டேன்.